பெட்ரோல் மூடியும் லெட்சுமி அக்காவும்

இன்னிக்குக் காலையில ரிங்லெட் மலைரோட்டு ஏத்தத்துல என் பழைய வேன் மானத்த வாங்கிருச்சு.

பின்சீட்டுல பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல உட்காரணும். ஏற்கெனவே கால் வீங்கி, மூச்சு வாங்குது. மணி ஏழே கால்.

வண்டி குலுங்கிக் குலுங்கி இழுவையே செத்துப் போச்சு. அஞ்சு நிமிஷம் நிறுத்தி எடுத்தா நல்லா ஓடுது, அரை மைல்ல மறுபடியும் அதே குலுக்கல். முன்னூறு எஞ்சின் பிரிச்ச கை இது, மலைக்குக் கீழே தாப்பா டவுன் வரைக்கும் பேர் இருக்கு. பிளக்கைக் கழற்றித் துடைச்சேன், கார்ப்பரேட்டரைத் தட்டினேன். ம்ஹூம்.

அண்ணனுக்கு மூச்சு இன்னும் வேகமா வாங்க ஆரம்பிச்சுது. அதுதான் பயமா இருந்துச்சு.

கூட வந்த, தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிக்கிற அவர் சம்சாரம் லெட்சுமி அக்கா இறங்கி வண்டியைச் சுத்தி வந்தாங்க. "ஏன் தம்பி, பெட்ரோல் மூடிக்கு மேல என்ன கட்டு?"

"மழைத்தண்ணி இறங்குதுன்னு நேத்து உரப்பை பிளாஸ்டிக் போட்டு, ரப்பரால இறுக்கிக் கட்டினேன் அக்கா. ஒரு சொட்டு போகாது."

"காத்தும் போகாதுலா. மருந்தடிக்கிற பம்பு மூடியில இருக்கிற காத்து ஓட்டையை அடைச்சா மருந்து வராது, தெரியாதா?"

அவிழ்த்து மூடியைத் திறந்தேன். டேங்க் 'புஸ்ஸ்'னு காத்தை உள்ளே இழுத்துச்சு. அப்புறம் வண்டி புலி மாதிரி ஏறுச்சு. எட்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப அண்ணன் மிஷின் பக்கத்துல உட்கார்ந்துட்டார்.

அங்க இருந்த நர்ஸ்கிட்ட, நானும் அக்காவும் சேர்ந்து கண்டுபிடிச்சோம்னு சொன்னேன். அக்கா மறுத்துப் பேசல, பெரிய மனசு.

உங்க யார் வண்டியாவது இப்படிக் குலுங்குனா கீழே எழுதுங்க. அக்காவைக் கூட்டிட்டு வரேன்.