மெத்தைக்கு அடியில் ஒரு பெல்ட்

நெய்வேலியில் சுரங்க வேலைக்காரர் வீட்டில் கன்வேயர் பெல்ட் இல்லாத இடம் எது என்று தேடிப் பாருங்கள், தோற்றுப்போவீர்கள். கரி சுமந்து தேய்ந்து, ஏலத்தில் போய், வடலூர் காயலான் கடையில் துண்டு துண்டாக விற்கும் அந்தத் தடித்த கறுப்பு ரப்பர்தான் எங்களுக்கு வாசல் மிதியடி, கிரைண்டருக்கு அடியில் விரிப்பு, பைக் நிறுத்துகிற இடத்தில் தளம். என் வீட்டுக்காரர் பெல்ட் பழுது பார்க்கிற வேலையில் இருப்பவர். அவருக்கு அது ரப்பர் இல்லை, குலதெய்வம்.

அந்தக் குலதெய்வத்தை என் மகளின் மெத்தைக்கு அடியிலும் கொண்டுவந்து வைத்தார்.

எங்களுடையது தரைத்தள குவார்ட்டர்ஸ். ஐப்பசி பிறந்தால் சுவரெல்லாம் ஈரம் பிசுபிசுக்கும். எட்டாம் வகுப்பு படிக்கிற மகளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சு இளைப்பு. அவள் படுப்பது, அடியில் சாமான் போட்டு வைக்கப் பெட்டி அடித்து நாலு பக்கமும் மூடிய பலகைக் கட்டில். போன மழைக்கு மெத்தையின் அடிப்பக்கம் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்துவிட்டது. "தரையிலேர்ந்து ஓதம் ஏறுது" என்று தீர்ப்புச் சொன்னார் இவர். புது மெத்தை வாங்கினார். பலகையின் மேல் பெல்ட்டை அளந்து வெட்டி விரித்தார்.

"மழையில கெடந்து கரி தூக்கனது இது. இத்தத் தாண்டிக்கினு ஒரு சொட்டு மேல வருமா?"

பூசணம் முன்பைவிடச் சீக்கிரம் வந்தது. புது மெத்தையில் பழைய நாற்றம். பிள்ளை விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவாள். பூசண வாடையில் படுக்க விடாதீர்கள் என்றார் டாக்டர். அதைக் கேள்விப்பட்டு, பண்ருட்டியில் இருக்கிற என் நாத்தனார், தன் தம்பியான இவருக்குப் போன் போட்டார்.

"எங்க வூடு மாடியில காத்தோட்டமா இருக்குது. பொண்ண இங்க வுட்டுடு. ஸ்கூலு நான் பாத்துக்கறேன்."

இவரும் சரி என்றுவிட்டார். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாத்தனார் நல்லவர்தான், பிள்ளைமேல் உயிர். அதற்காக? என் பிள்ளை என் வீட்டில் படுத்துத் தூங்க முடியாது என்றால் நான் எதற்கு இருக்கிறேன்? மகள் பரீட்சைக்கு முன்பே பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

இவர் டூட்டிக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, மெத்தையைத் தனியாகப் புரட்டிச் சுவரில் சாய்த்தேன். பெல்ட்டின் மேல் கையை வைத்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பெல்ட்டையும் இழுத்துக் கீழே தள்ளினேன். அடிப்பலகை காய்ந்து கிடந்தது. தட்டினால் தூசி பறந்தது!

அட, அப்படியானால் தண்ணீர் கீழேயிருந்து வரவே இல்லை. படுத்திருக்கிற பிள்ளையின் உடம்புச் சூடும் வியர்வையும் மெத்தை வழியாக இறங்கி, குளிர்ந்த ரப்பரில் பட்டு, போக வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. தினமும் இட்லிப் பானை மூடியைத் திறந்து தண்ணீரை வழித்துவிடுகிறவள் நான். எனக்கு இது இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது.

இவர் வந்ததும் சொன்னேன். சிரித்தார்.

"பெல்ட்டப் பத்தி நீ எனக்குச் சொல்லிக் குடுக்கறியா?"

"பெல்ட்ட நீங்களே வச்சிக்குங்க. நான் படுக்கையப் பத்திப் பேசறேன். மூச்சு விட முடியாம கெடக்கறது பொண்ணு மட்டுமில்லீங்க, அந்த மெத்தையும்தான்."

மறுநாளே மரக்கடையிலிருந்து ரீப்பர் கட்டைகள், அதுதான் ஓட்டுக்கு அடியில் அடிக்கிற ஒல்லிச் சட்டங்கள், வாங்கிவந்தேன். பெல்ட் வருவதற்கு முன்பும் பூசணம் பூத்ததே, பலகையும் காற்றை விடவில்லை என்று கட்டிலின் பலகையைப் பெயர்த்தேன். பெட்டிக்குள் அடைத்திருந்த பழைய பாத்திரம், புடவை எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றினேன். காற்று ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் போகட்டும் என்று பெட்டியின் பக்கப் பலகைகளையும் கழற்றிவிட்டேன். ரீப்பரை அறுத்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு விட்டுக் குறுக்கே அடித்தேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர், கடைசியில் வந்து கட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மெத்தையில் இருந்த பூசணத்தைத் தேய்த்துத் துடைத்து, மழை விட்ட நேரமெல்லாம் வெயிலில் காய வைத்தேன். காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரில் நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று மகளுக்குக் கட்டளை போட்டேன். பரீட்சை நடக்கும்போதே அவளுக்கு இளைப்பு குறைய ஆரம்பித்தது. ஆனால் அவளை அழைத்துப் போக நாத்தனார் வருவதாகச் சொன்ன நாள் மாறவில்லை, பையும் அப்படியே இருந்தது.

பரீட்சை முடிந்த அன்று கொட்டுகிற மழையில் நாத்தனார் வந்து இறங்கினார். மழை விடவில்லை. அன்றிரவு என் மகளோடு அதே கட்டிலில் படுத்துக்கொண்டார்.

காலையில் நான் காபியோடு போனபோது மகள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் கீழே குந்தியிருந்து, மெத்தையின் ஓரத்தைத் தூக்கி, ரீப்பர் சந்துக்குள் கைவிட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

"ராவெல்லாம் காதக் குடுத்துக்கினு இருந்தேன். ஒரு வாட்டி கூட இளைக்கல. இது யாரு வேல?"

"நான்தான் அண்ணி."

அவர் எழுந்து, காபியை வாங்கி ஒரு வாய் குடித்தார். எனக்குப் பின்னால் வந்து நின்ற தம்பியைப் பார்த்தார்.

"பொண்ண நான் அழச்சிக்கினு போவல. அவ அம்மாகிட்டயே இருக்கட்டும்."

இவர் தலையைச் சொறிந்தார். "ஆமாங்கா. பெல்ட்டு கரிக்குத்தான் செரி" என்றார். எனக்கு அது போதும்.

எழுந்து வந்த மகளிடம் நாத்தனாரே விஷயத்தைச் சொன்னார். அவள் முதலில் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள். பிறகு பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. கொப்பளம் காய்ந்த கையைக் கட்டிக்கொண்டு, கடைசித் துணி உள்ளே போகிறவரைக்கும் நின்று பார்த்தேன்.