அலையை எண்ணுப்பா

சென்ற ஆண்டு மாசி மாதம், குருசுக்குப்பத்துக்கு நேரே கடலுக்குள் நடந்தது இது. ட்ரோன் பறக்கவிட்டு விசேஷங்களைப் படம் எடுப்பது என் மகளின் தொழில். அன்று ஒரு மீனவக் குடும்பத்தின் புதுப் படகு வெள்ளோட்டம். கற்பூரம் காட்டி, படகு முதன்முதலாகத் தண்ணீரைத் தொட்டது வரை எடுத்துவிட்டாள். மீதியைக் கடலில் எடுக்க இன்னொரு ஃபைபர் படகில் ஏறினோம். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதற்குப் பதில் அருகில் நின்றே பயப்படலாம் என்று போனேன்.

எங்கள் படகின் முன்பலகையிலிருந்து ட்ரோனைக் கிளப்பினாள். அது புதுப் படகை ஒட்டித் தண்ணீருக்கு மேலே தாழப் பறந்தது. திரையில் சார்ஜ் குறையக் குறைய நான் வாய்விட்டுப் படித்தேன்.

“அறுபத்திரெண்டு... அறுபத்தொண்ணு...”

“அப்பா, செத்த சும்மா வாயேன்.”

படகோட்டி சிரித்தார். “வுடும்மா, சாரு அலையக்கூட எண்ணிடுவாரு போல.”

திடீரென்று ட்ரோன் பக்கவாட்டில் நழுவியது.

“நீ ஒண்ணும் பண்ணலியே, ஏன் போவுது?”

“அதோட அடியில இருக்கிற கேமரா தண்ணியத் தரைன்னு நம்புதுப்பா. அலை நகந்தா அதுவும் கூடவே நகருது” என்று சொல்லி, சற்று உயர்த்தினாள். அது நிதானமானது.

கால் மணி நேரம் கழித்து ரிமோட் அலறியது. சார்ஜ் தீரும் நிலை. ட்ரோன் தானாகத் திரும்பி எங்களைக் கடந்து போனது. ‘அப்பாடா, வீடு திரும்புகிறது’ என்று நினைத்தேன். மகளின் முகம் வெளுத்துவிட்டது.

“கெளம்புன எடத்துக்குப் போவுதுப்பா. அங்க இப்ப படகு எங்க இருக்கு? வெறும் தண்ணிதான்!”

அதை நிறுத்தி, எங்கள் தலைக்கு மேலே கொண்டுவந்தாள். கரை சேரச் சார்ஜ் இல்லை. ஆடுகிற படகில் இறக்கவும் முடியாது. கடலில் விழுந்தால் காலையில் எடுத்ததும் அதோடு போய்விடும். வெள்ளோட்டம் இன்னொரு முறை நடக்காது. கையால்தான் பிடிக்க வேண்டும். அவளுடைய இரண்டு கையும் ரிமோட்டில். படகோட்டி சுக்கானை விட்டால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். மீதி நான்தான்.

கையை உயர்த்தினேன். ட்ரோன் மேலே எகிறியது. மறுபடி உயர்த்தினேன், மறுபடி எகிறியது. என் கையைத் தடை என்று நினைத்து ஒதுங்குகிறதாம். திரையில் எதையோ அணைத்தாள்.

“இனிமே ஒதுங்காதுப்பா. ஆனா உன் விரல் குறுக்க வந்தாலும் நிக்காது. அடிவயித்தப் புடி. படகு மேல எழும்பும்போது மட்டும் வேணாம். எப்பத் தூக்குது, எப்ப எறக்குதுன்னு அலைய எண்ணிச் சொல்லுப்பா.”

இந்த முறை படகோட்டி சிரிக்கவில்லை.

எண்ணினேன். இரண்டு பெரிய அலைக்குப் பிறகு படகு கொஞ்சம் ஓய்ந்தது. சந்தேகம் தீர இன்னொரு சுற்றும் எண்ணினேன். இறக்கைகளின் காற்று முகத்தில் அறைந்தது. கண்ணாடி முழுக்க உப்புத்துளி.

“ஒண்ணு... ரெண்டு... இப்ப எறக்கு!”

பிடித்துவிட்டேன். உயிருள்ளதுபோல அது என் கைக்குள் திமிறியது. அவள் ரிமோட்டின் குச்சியைக் கீழே அழுத்திப் பிடித்தாள். இறக்கைகள் நின்றன. அதன் பிறகும் நான் பிடியை விடவில்லை.

“சார்ஜ் எவ்ளோ சார் மிச்சம்?” என்றார் படகோட்டி.

நான் பார்க்கவே இல்லை.

என் பயத்தை ஓரமாக உட்காரவைத்துத்தான் எல்லோருக்கும் பழக்கம். அன்று என் மகள் அதற்கு ஒரு வேலை கொடுத்தாள் என்று நினைக்கும்போது, இன்றும் என் மனம் சற்று நிதானமாகிறது.