பாய்க்கயிற்றில் ஒரு முடிச்சு

என் தையல் மெஷின் இழுப்பறையில் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு கயிற்றுத் துண்டு கிடக்கிறது. நடுவில் ஒரு முடிச்சு. செஞ்சிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த எங்கள் நைனா போட்ட முடிச்சு. துணிப் பொதி கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரே சொல்லும். அவரும் தினம் ஒரு தடவை சொல்லிக்கொள்வார்.

அறுபதுகளில் ஓர் ஐப்பசி. அடைமழையில் ஏரி நிரம்பி, அக்கரை ஊருக்குப் போகும் ரோடு முழுகிவிட்டது. அந்த ஊர்க் கல்யாணம் ஒன்றுக்கு எங்கள் கடையில் கூறைப்புடவை எடுத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்குள் சேர்க்கிறேன் என்று நைனா வாக்குக் கொடுத்திருந்தார். கடலூர்த் துறைமுகத்தில் சில வருஷம் வேலை பார்த்துத் திரும்பியிருந்த சித்தப்பாதான், பனைமரத்தைக் குடைந்த பழைய தோணிக்குப் பாய் கட்டலாம் என்றார். மூன்றே நாள். நடுப் பலகையில் துளை போட்டு மூங்கிலை நட்டார். சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் கல்யாண முருங்கைக் கட்டையை மிதவையாகப் பிணைத்தார். காடாத் துணியில் பாயை நான் தைத்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அண்ணன் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த மூன்று நாள்தான் சொந்த வேலை.

புறப்படும்போது கரையில் பாதித் தெரு கூடியிருந்தது. நைனா பொதிகளைத் தோணியில் இறுக்கிக் கட்டினார். அதே கையோடு பாயின் கீழ்முனைக் கயிற்றையும் பலகையில் கட்டிவிட்டார். சித்தப்பா அவர் காதருகே குனிந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"அண்ணே, இந்தக் கயித்த கட்டக்கூடாது. கையில புடிச்சினு இருக்கணும். காத்து அடிச்சா உடனே வுடணும்."

"என் கட்டு இன்னிக்கி வரிக்கும் அவுந்திருக்குதா? கம்முனு ஏறுடா."

ஊர் முன்னால் அண்ணன் போட்ட கட்டைத் தம்பி அவிழ்ப்பது எங்கள் வீட்டில் நடக்கிற காரியமில்லை. கொஞ்ச தூரம் போய் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அதற்குள் கயிறு நனைந்து இறுகிவிட்டது.

பாதி ஏரியில், கோட்டை மலைகளின் இடுக்கிலிருந்து திடுமெனக் காற்று இறங்கியது. சித்தப்பா துடுப்பைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் எதையோ பிடுங்கியதைக் கரையிலிருந்து பார்த்தோம். நீச்சல் தெரிந்தவர்தான். கவிழ்ந்த பாய் அவரை மேலே வரவிடவில்லை. நான் இரட்டையாக மடித்துத் தைத்த பாய்.

தோணியை இழுத்துவந்ததும் நைனா மடியிலிருந்த கடைக் கத்தரிக்கோலால் முதலில் அந்த முடிச்சை வெட்டி எறிந்தார். பிறகுதான் தம்பிக்காக அழுதார். "சொன்னா கேட்டாத்தான? கடல பாத்த திமிரு" என்று அவர் சொன்னதை ஊரும் சொன்னது. சாயங்காலமே சுற்று வழியில் மாட்டு வண்டியில் வேறு புடவை போனது. அந்த வண்டி காலையிலேயே போயிருக்கலாம். நான் முடிச்சைப் பொறுக்கி ஒளித்துவைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

சித்தி, திமிரால் செத்தவன் பெண்டாட்டி என்ற பேரோடு எங்கள் சமையலறையில் காலம் தள்ளினார். நைனாவுக்குக் கருமாதி முடிந்த அன்றுதான் எனக்குத் தைரியம் வந்தது. முடிச்சை எடுத்துச் சித்தி கையில் வைத்தேன். அழுவார் என்று நினைத்தேன்.

"தெரியும். வெட்டனப்பவே பாத்தேன். நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீ சொல்லுவேன்னு இத்தினி வருசம் பாத்துனு இருந்தேன்."

திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்கு இலை போடப் போய்விட்டார். சித்தியும் இப்போது இல்லை. நேற்றுகூட ஊசிமுனையால் நெம்பிப் பார்த்தேன். நைனா சொன்னது உண்மைதான். அவர் கட்டு இன்றைக்கு வரைக்கும் அவிழவில்லை.