அட்டையில் தூங்கிய பூதலூர்க்காரர்

காலை ஆறரை மணிக்குத் தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். தோளில் கேமராப் பை. காலடியில் சணல் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு புத்தகக் கட்டுகள். மெட்ராஸ் அப்போதுதான் சென்னையாகியிருந்தது. போர்ட்டர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "மெட்ராஸ்லேருந்து கல்லையா கொண்டாந்தீங்க?" என்று கேட்டபடியே கட்டுகளைத் தூக்கித் திருச்சி பாசஞ்சரில் வைத்துவிட்டுப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

என் தொழில் புகைப்படம். வேலை இல்லாத பொழுதில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்துப் புத்தகமாகப் போடுகிறேன். சீட்டாட்டம், ஆற்றுக் குளியல், கீற்றுக் கொட்டகையில் சினிமா, வாசலில் நின்று எதிர்வீட்டுச் சண்டையைப் பார்ப்பது. 'சும்மா இருக்கும் நேரம்' என்ற மூன்றாவது புத்தகம் முழுக்கக் காவிரிப் பாசன ஊர்களில் எடுத்தது. விலை நானூற்று ஐம்பது ரூபாய். படத்தில் இருக்கிற யாரும் அந்த விலை கொடுத்து வாங்கப் போவதில்லை என்பதால், புத்தகம் வந்ததும் பிரதிகளை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

இந்த முறை முதல் பிரதி பூதலூர் ராஜேந்திரனுக்கு. அவர்தான் அட்டைப்படம். அறுவடைக் களத்தில், வைக்கோல் போரில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார். எழுந்ததும் அவரிடம் அனுமதி கேட்டேன். "எடுத்துக்குங்க மேடம், எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

தஞ்சாவூரிலிருந்து பூதலூர் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. மாசி மாதம். நெல் அறுத்த தாள்களுக்கு நடுவே உளுந்து பச்சையாகக் கிளம்பியிருந்தது. எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் கட்டின் மேல் தெரிந்த அட்டையை ரயில் வேகம் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது நம்ம ராஜேந்திரன்ல?"

"ஆமாங்க. தெரியுமா?"

"எடுத்தது நீங்களா?" என்றார். நான் பெருமையோடு தலையாட்டினேன். "ஏம்மா இந்த வேலை பண்ணுனீங்க? அவரு பொண்ணு கல்யாணம் நின்னு போச்சே!"

பூதலூர் வருவதற்குள் விஷயம் முழுவதும் தெரிந்துவிட்டது. ராஜேந்திரன் மகள் செல்விக்குத் திருவாரூரில் ஒரு வரன். பையன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். எல்லாம் பேசி, வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்க்கும் நேரத்தில் ஒரு வாரப்பத்திரிகை என் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதி, அட்டைப்படத்தையும் போட்டிருக்கிறது. "பட்டப்பகல்ல வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குற குடும்பத்துல சம்பந்தம் வேணுமான்னு யோசிக்கணும்" என்று பையனின் அப்பா சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அடி விழும் என்று நினைத்துத்தான் அந்த வீட்டு வாசலில் நின்றேன். ராஜேந்திரன் நாற்காலி எடுத்துப் போட்டார். காபி வந்தது. புத்தகத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அட்டையைக் கிட்டத்தில் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. உதட்டுல இந்த ஈ மட்டும் இல்லாம எடுத்திருக்கலாம்."

"அஞ்சு நிமிசம் கண்ணசந்தாரு" என்றார் அவர் மனைவி சரோஜா. "அதை நானூத்தம்பது ரூவாய்க்கு விக்கிறாங்க. நான் பொழுதன்னைக்கும் வேலை பாக்குறேன், ஒருத்தனும் எடுக்கல."

வேலை செய்பவர்களை நான் எடுப்பதில்லை என்று விளக்கலாமா என்று யோசித்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

ராஜேந்திரன் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "கிளம்புங்க மேடம். படம் எடுத்தது நீங்க. நீங்களே வந்து அவங்ககிட்ட சொல்லுங்க, நான் உழைக்கிறவன்னு."

கொல்லையில் கை கழுவப் போனபோது செல்வி தண்ணீர் மோந்து ஊற்றினாள். பி.காம். முடித்தவள். "எனக்கு அந்தப் படம் புடிச்சிருக்குக்கா. அப்பா அப்படித்தான் தூங்குவாங்க" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அங்க பேசுறப்ப, பொண்ணுக்கு இந்த இடம் புடிச்சிருக்குன்னு அவங்க அம்மா காதுல போடுறீங்களா? எங்க வீட்டுல யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க" என்றாள். குவளைத் தண்ணீர் முழுவதும் என் புடவையில் விழுந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

சரோஜாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் வந்து திருவாரூர் பஸ் பிடித்தோம். அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் பன்னிரண்டு ரூபாய், ராஜேந்திரன்தான் எடுத்தார். சாட்சிக்குப் பயணச்செலவு கொடுப்பது முறை என்றார். அம்மாப்பேட்டை தாண்டியதும் ஒத்திகை தொடங்கியது.

"விடியக்காலம் நாலு மணிக்கே நான் களத்துல இருந்தேன்னு சொல்லுங்க."

"நான் வந்ததே பதினொரு மணிக்குங்க."

"அப்ப, பதினொரு மணிக்கு வேர்த்து ஊத்திக்கிட்டிருந்தேன்னு சொல்லுங்க."

"நான் வரும்போது நீங்க தூங்கிட்டிருந்தீங்களே."

சரோஜா முன் இருக்கையிலிருந்து திரும்பினார். "பேசாம நீங்க ரெண்டு பேரும் வாயைத் தொறக்காம இருங்க. நான் பேசிக்கிறேன்."

திருவாரூரில் தெற்கு வீதியைத் தாண்டி ஒரு புது மாடி வீடு. கூடத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா, அதன் நடுவில் சிங்காரவேலு. மகனுக்கு மஸ்கட் வேலை கிடைத்த மாதமே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டவர். "வாங்க" என்றார். நான் கொடுத்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். ராஜேந்திரனின் உழைப்பைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த நான்கு வாக்கியங்களும், பக்கம் திரும்பும் சத்தத்தில் காணாமல் போயின. கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து திருப்பத் தொடங்கினார்.

அவருடைய மனைவி மங்கையர்க்கரசி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு அவரை நெனைப்பில்லையா? ரெண்டு வருசத்துக்கு முன்ன, தேரோட்டத்தப்போ கமலாலயக் குளத்துக் கரையில நிக்க வெச்சு நாலு படம் எடுத்தீங்களே. பையன் அனுப்புன கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு..."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் நிற்க வைக்கவில்லை, அவராக வந்து நின்றார். ஒரு கை இடுப்பில், ஒரு கால் படிக்கட்டில்.

"ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டாரு, என் படம் புஸ்தகத்துல வரப்போவுதுன்னு. இப்ப பாத்தா இவரு உள்ளயே இல்ல, சம்பந்தியாகப் போறவரு அட்டையில தூங்குறாரு. அதான் கோவம். வெளிய சொல்ல முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு செல்வி சொன்னதைச் சொன்னேன். மங்கையர்க்கரசி அடுப்பைத் தணித்தார். "எங்க பையனும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் போட்டு அதைத்தான் கேக்குறான். அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு."

கூடத்துக்கு வந்து சிங்காரவேலுவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். "ஐயா, உங்க படத்தை நான் வேணும்னு விடலைங்க. நீங்க அன்னைக்குச் சும்மா இல்ல, போஸ் குடுத்தீங்க. இந்தப் புத்தகத்துல அதுக்கு இடமில்லாமப் போச்சு."

அவர் முகம் சிவந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப எடுங்க. சும்மா இருந்து காட்டுறேன்."

அடுத்த முக்கால் மணி நேரம் ஒரு மனிதர் சும்மா இருக்கப் பட்ட பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை. செய்தித்தாளை விரித்தார், தலைகீழாக. ரேடியோவைக் காதில் வைத்தார், போடாமல். சோபாவில் சாய்ந்தார். பிளாஸ்டிக்கில் முதுகு ஒட்டிக்கொண்டு பட்டென்று சத்தம் வர, மறுபடி நிமிர்ந்தார். ஒவ்வொரு முறையும் "இப்ப?" என்று கேட்டார். நான் ஒவ்வொரு முறையும் இல்லை என்று தலையாட்டினேன். ராஜேந்திரன் வாய்விட்டு யோசனை சொல்லத் தொடங்கினார். "மூச்சை விட்டுருங்க. வயித்தை எக்காதீங்க." அது நிலைமையை மோசமாக்கியது.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. காற்று இல்லாத கூடத்தில் யாராலும் உட்கார முடியவில்லை. பின்கட்டில் வேப்பமர நிழலில், சிமெண்ட் தரையில் கரித்துண்டால் போட்ட தாயக்கட்டம் ஒன்று அழியாமல் இருந்தது. சிங்காரவேலு மரியாதைக்காகத்தான் கூப்பிட்டார்: "ஒரு ஆட்டம் போடுவமா?" மரியாதைக்காகத்தான் ராஜேந்திரனும் உட்கார்ந்தார்.

முதல் வெட்டு விழும்வரை மரியாதை இருந்தது. தன் காய் வெட்டுப்பட்டதும் சிங்காரவேலு வேட்டியை மடித்துக் கட்டினார். ராஜேந்திரன் உருட்டிய கட்டை சுவரில் இடித்துத் திரும்பி ஆறு விழுந்தது. செல்லாது என்றார் அவர், செல்லும் என்றார் இவர். இருவரும் தரையில் முட்டி போட்டுக் கட்டைமேல் குனிந்து நீதி விசாரித்தார்கள். பேச இடைஞ்சல் என்று சிங்காரவேலு பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராஜேந்திரனின் கடைசிக் காய் நடுக்கட்டம் ஏறிப் பழமாக இன்னும் ஒரு தாயம்தான் வேண்டும். உருட்டினார். விழுந்தது. சிங்காரவேலு துள்ளி எழுந்து கத்தினார்:

"யோவ் சம்பந்தி! அழுகுணி ஆட்டம் ஆடாதய்யா!"

கத்தியவருக்கே தான் சொன்னது கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது. சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மங்கையர்க்கரசி சமையலறைக்குள் ஓடிச் சர்க்கரை டப்பாவோடு வந்து, எல்லார் வாயிலும் ஒரு சிட்டிகை போட்டார். சிங்காரவேலு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு இல்லை என்று எப்படிச் சொல்வது?

மாலை ஐந்தரைக்கு எங்களைப் பஸ் ஏற்றிவிட அவரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். நான் மூன்று புத்தகங்களுக்காக எத்தனையோ பேரை அவர்களுக்குத் தெரியாமல் பார்த்திருக்கிறேன். பார்க்கப்பட வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்ட ஒருவரை அன்றுதான் சந்தித்தேன். சென்னையில் என் அடுக்குமாடியில் கேமராவை வெளியே எடுத்தால் ஜன்னல்கள் மூடிக்கொள்ளும். திருவாரூரில் ஒருவர் இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறார்.

பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் படத்துல நான் கத்துறேனா?"

"கத்துறீங்க."

"பல்லு?"

"இல்லைங்க."

நாக்கால் பல்செட்டைத் தடவிப் பார்த்தார். "சரி, பரவால்ல, போடுங்க. ஆனா கீழ எழுதுறப்ப, ஜெயிச்சது நான்னு எழுதிடுங்க."

ஜெயித்தது யார் என்று எனக்குத் தெரியும். என் படங்களுக்குக் கீழே நான் பொய் எழுதியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜேந்திரன் என் முழங்கையை மெல்ல இடித்தார்.

"எழுதிடுங்க மேடம். பொண்ணையே குடுக்குறேன், ஆட்டத்தைக் குடுத்தா என்ன?"