என்னிடம் சொல்ல மறுத்த கவுன்சிலர்

சகோதர சகோதரிகளே, போன ஓணம் விடுமுறைக்கு வந்த என் இளைய மகள் அறையை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். கல்லூரி திறந்தும் போகவில்லை. பதினொரு நாள். கொடுத்த கஞ்சி அப்படியே திரும்பி வந்தது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பிறர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவன், இன்று ஆரியங்கோட்டில் சொந்தத் தோட்டமும் அமரவிளையில் டயர் கடையும் வைத்திருக்கிறேன். ஒருவரும் கைதூக்கி விடவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் கண்ட முதல் ஆள் இவள்.

அங்கே படிப்பில் திணறி, மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் போய் அழுதிருக்கிறாள். அவர் அன்றே எனக்குப் போன் செய்து, அவள் சொன்னதை எல்லாம் ஒப்பித்துவிட்டார். நான் சும்மா இருந்தேனா? புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து, அவள் பெயரைச் சொல்லி, முழுவதையும் ஜெபக்குறிப்பாக வைத்தேன். அவள் ஊருக்கு வந்தபோது உதியன்குளங்கரை பஸ் நிறுத்தத்திலேயே ஒரு அம்மா, “மக்கா, நாங்க ஜெபிக்கோம். மண்டைக்கு இப்போ எப்பிடி உண்டு?” என்று கேட்டிருக்கிறார்.

“அப்பா, எனக்க காரியம் ஊருக்கே தெரிஞ்சாச்சு. இனி நான் இருந்து என்னத்துக்கு?” என்றாள் மகள்.

நானும் மனைவியும் மாறி மாறி அவள் அறை வாசலில் கிடந்தோம். ஜெபிக்க வாய் வரவில்லை. “ஆண்டவரே, என் வாயால் கெடுத்தேன். நீர் ஒரு ஆளை அனுப்பும்” என்று மட்டும் கெஞ்சினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை மகளுக்குப் போன் வந்தது. பழையவர் மாறிப்போய்ப் புதிதாக வந்த கவுன்சிலர், இவளைக் காணவில்லையே என்று தேடியிருக்கிறார். பாறசாலைப் பக்கத்துப் பெண். அவரிடம் பேசியபின் மகள் வர ஒத்துக்கொண்டாள்; மறுநாள் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரம் உள்ளே பேசினார்கள். அவர் வெளியே வந்ததும், “என்ன சொன்னா?” என்றேன்.

“அத அவகிட்டதான் கேக்கணும், அங்கிள். உயிருக்கு ஆபத்துண்ணா நானே சொல்லுவேன். மத்தது அவளுக்க காரியமாக்கும்.”

“எனக்க உழைப்புலயாக்கும் அவ படிக்கா.”

“படிக்கட்டும். அங்கிளுக்கு வெளிய பெஞ்சு உண்டு, இருங்க.”

என்னிடம் இப்படிப் பேசியவர் ஒருவரும் இல்லை. உள்ளம் கொதித்தது. ஆனால் திரும்பும் வழியில் மகள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பசிக்கிறது என்றாள். இரண்டு புரோட்டா தின்றாள். நான் கேட்ட ஆள் இவர்தான் என்று அப்போது விளங்கியது. ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன்.

இப்போது வியாழன்தோறும் அவரிடம் போகிறாள். விட்ட பரீட்சைகளை எழுதினாள். போன வாரம் வகுப்பில் எல்லார் முன்னும் நின்று பேசினாளாம்.

இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். அனுமதி கேட்பது எனக்குப் புதிது. பெயர் வேண்டாம் என்றாள். உள்ளே என்ன சொன்னாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்காகவும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுகிறேன்.

உங்கள் பிள்ளை உடைந்து கிடந்தால், பெயர் சொல்லாமல் ஆண்டவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு ஆள் தெரியும்.