இரண்டு சுற்று

கடைத்தெருவில் எங்கள் அம்மாவுக்குச் சாவிக்காரம்மா என்று பெயர். சாவியைத் தொலைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்காருகிறவர்கள் அம்மாவிடம்தான் ஓடி வருவார்கள். மெல்லிய கம்பியைப் பூட்டுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தேடுவார். திறந்ததும் "போங்க, பிழைச்சுப் போங்க" என்பார், ஏதோ அவர்களே உள்ளே மாட்டிக்கொண்டிருந்ததைப் போல.

உண்மையில் அது அப்பாவின் தொழில். அவருடைய வலது கை நசுங்கி வேலைக்கு உதவாமல் போன பிறகு அம்மா கற்றுக்கொண்டார். கை போன கதையை வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் ஒருநாள் யார் வீட்டுச் சாவியையோ சோப்புக் கட்டியில் அழுத்தி அச்செடுத்து வந்து, இதற்கு ஒரு சாவி வெட்டிக் கொடு என்றான். அப்பா அந்தச் சோப்பை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டார். அண்ணன் அவர் கையைப் பிடித்து வாசற்கதவின் இடுக்கில் வைத்து ஓங்கிச் சாத்தினான். பிறகு வீட்டுச் சாவியையும் அப்பாவின் நல்ல அரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான்.

அப்புறமும் அம்மா அந்தக் கதவின் பூட்டை மாற்றவில்லை.

"ஊர் பூட்டையெல்லாம் மாத்துறீங்க, சொந்த வீட்டுப் பூட்டு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் கிண்டல் செய்வார்.

"மாத்திட்டா அவன் கையில இருக்கிற சாவிக்கு வேற எந்தக் கதவு இருக்கு?" என்பார் அம்மா.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் கதவை உள்ளிருந்து இரண்டு சுற்றுப் பூட்டுவார். சாவியை உருவி ஆணியில் மாட்டுவார். அதை உள்ளேயே விட்டுவைத்தால் வெளியிலிருந்து வரும் சாவி நுழையாதாம். பிறகு கதவைப் பார்த்தே கைகூப்பி நிற்பார். "கடவுளே, அவனைக் கொண்டுவந்து விட்டுடு. ஒரு தடவை கட்டிப் பிடிச்சுக்கிறேன்." அவ்வளவுதான் பிரார்த்தனை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எப்படிப்பட்டவனாகக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? என் பங்குக்கு நான், அவன் வரவே வேண்டாம் என்று வேண்டிக்கொள்வேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பம் போனால் கடவுள்தான் என்ன செய்வார்.

அப்பா கடவுளைத் தொந்தரவு செய்யவில்லை. அம்மா தூங்கியதும் எழுந்து போய் இடது கையால் உள்தாழ்ப்பாளைப் போடுவார். அம்மா விழிப்பதற்குள் எடுத்துவிடுவார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒருநாள் காலையில் கதவைத் திறக்கச் சாவியைப் போட்ட அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"யாராவது வெளிய போனீங்களா?"

"இல்லையே."

"பூட்டு திறந்து கிடக்கு. ரெண்டு சுத்தும்."

நான் குனிந்து பார்த்தேன். பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள். எங்களிடம் இல்லாத சாவி ஒன்றே ஒன்றுதான்.

"வந்திருக்கான்!" அம்மாவின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. "சாவி திரும்பியிருக்கு. அப்ப கதவு ஏன் திறக்கல?" தாழ்ப்பாளை விரலால் தடவினார். துருப்பிடித்திருக்க வேண்டியது வழவழவென்று இருந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் அப்பா. "தினமும் போடுறேன். எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரு கைதான்."

அம்மா சண்டை போடவில்லை. அப்பாவின் கோணல் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கு ஒரு நாள் போடாதீங்க."

"பாசமா வர்றவன் கதவைத் தட்டுவாம்மா," என்றேன். "ராத்திரியில சத்தமில்லாம ஏன் வரணும்?"

"வெட்கமா இருந்திருக்கும்டி."

"வெட்கப்படுற ஆளைப் பாரு!"

அன்று முழுக்க கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு சாவிகளைத் தப்பாக வெட்டினேன். யாராவது கடை முன் நின்றால், நிமிர்ந்து முகத்தைப் பார்க்குமுன், அது அவன் காலா என்று பார்த்தேன்.

சாயங்காலம் அம்மா வழக்கம்போலப் பூட்டிக் கும்பிட்டார். கும்பிட்ட கையைக் கீழே இறக்கவில்லை, பூட்டுக்குள் ஏதோ நுழைகிற சத்தம். ஒரு சுற்று. அப்பாவின் இடது கை தாழ்ப்பாளை நோக்கிப் போனது. அம்மா அவரைப் பார்த்தார். அப்பா கையை இழுத்துக்கொண்டார். இரண்டாவது சுற்று.

கதவு திறந்தது. வாசலில் அண்ணன் நின்றான். இளைத்துப்போயிருந்தான். அவன் யாரையும் பார்க்குமுன் அம்மா போய்க் கட்டிக்கொண்டார். முதலில் அவன் கைகள் தொங்கின. பிறகு அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதான். பொய்யழுகை இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி நானும் ஓடிப்போய் அந்த அணைப்புக்குள் ஒட்டிக்கொள்ள நினைத்தேன்.

அப்போதுதான் அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். அவன் முதுகைத் தடவிக்கொண்டே இறங்கின. இடுப்பருகில் நின்றன. அம்மா கண்ணை மூடிக்கொண்டார், கடையில் மூடுவாரே, அதே மாதிரி. சட்டைக்கு அடியிலிருந்து எதையோ அங்குலம் அங்குலமாக உருவினார். அணைப்பு கொஞ்சமும் தளரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் அதை என்னிடம் நீட்டினார்.

அப்பாவின் அரம். முனையை ஊசியாகத் தீட்டியிருந்தான். அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது. தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் கேட்டான். "அப்பா, கை எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றார் அப்பா.

சாப்பிட்டுவிட்டுக் கூடத்திலேயே சுருண்டு தூங்கிப்போனான். அம்மா திரும்பவும் கதவைப் பூட்டி, கைகூப்பி நின்றார்.

"அதான் வந்துட்டானே. இன்னும் என்ன வேண்டுதல்?" என்று காதோடு கேட்டேன்.

"நன்றி சொன்னேன்."

"எதுக்கு? அரத்தோட வந்ததுக்கா?"

"அதுக்கும்தான். கட்டிப் பிடிச்சதாலதானேடி அது என் கைக்குக் கிடைச்சுது."

அப்பா எழுந்து வந்து, பழக்கதோஷத்தில் தாழ்ப்பாளைப் போட்டார். அண்ணன் உள்ளே இருந்தான்.