கை நனைத்த வீடும் ஷெட்டில் நிற்கும் காரும்

காலையில் பல் தேய்த்ததும், காபிக்கும் முன்னால், நான் செய்கிற முதல் வேலை பாறை ஏறுவது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பாறையின் உச்சியில் நின்றால்தான் போனில் சிக்னல் நிற்கும். அங்கே நின்றுகொண்டு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுவேன். தமிழுக்கு ஒன்றை அமுக்கினாலும் ஆங்கிலத்துக்கு இரண்டை அமுக்கினாலும் வருவது புல்லாங்குழல்தான். அந்தப் புல்லாங்குழலுக்கு முடிவே கிடையாது. மிளகு பறிக்கப் போகிற பெண்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். "ஏனுங்க டாக்டரம்மா, காலங்காத்தால யாருகூடப் பேசறீங்க?" என்பார்கள். "யாரும் பேசல்ல, பாட்டுதான் கேக்கு" என்பேன். "பாட்டுக் கேக்கவா சாமி இத்தன ஒசரம் ஏறுனீங்க?" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் ஊரான நாகர்கோவிலில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள், ஒரே மாநிலத்துக்குள் மாற்றலாகிப் போனவளுக்குப் புலம்பெயர்வு என்கிற பெரிய வார்த்தை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று. கொல்லிமலைக்குப் போஸ்டிங் வாங்கி வந்த டீச்சர்களையும் நர்ஸுகளையும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். நான் மாட்டு டாக்டர். வந்த முதல் நாள் ஒரு பெரியவர் என்னை "வாங்க சாமி" என்றார். ஞானஸ்நானம் வாங்கிய நான், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். மாமிசம், மழை, மரியாதை எல்லாமே இங்கே வேறு. கடல் இல்லாத ஊரில் தூங்குவதற்கே எனக்குப் பல மாதம் ஆயிற்று. அம்மாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அப்பா போன பிறகு என்னோடு வந்தவள், தினமும் மாற்றல் மனு போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குக் கண்ணுக்குள் போடுகிற ஊசி ஒன்று உண்டு. மாதம் தவறாமல் நாமக்கல்லுக்குப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும், தள்ளிப்போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும். பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே குடலைக் கக்கிவிடுவாள். அவளுக்காகத்தான் ஒரு பழைய காரை வாங்கினேன். பழைய கார்தானே என்று அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுத்திருந்தேன். என் காருக்கு ஏதாவது ஆனால் இடித்தவரின் கம்பெனிதான் பார்க்க வேண்டும். அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று வளைவில் அகலமாக வந்து என் முன்சக்கரத்தில் ஏறியது. எனக்குக் கீறல்கூட இல்லை. காரின் அச்சு உடைந்துபோயிற்று.

பிக்கப்பிலிருந்து இறங்கியவர் பெரியண்ணன். பக்கத்து ஊர் விவசாயி, ஐம்பது வயதிருக்கும். "எம்மேலதான் தப்புங்க" என்றார், நான் வாயைத் திறப்பதற்குள். எங்கள் ஊரில் அப்படி யாரும் ஒப்புக்கொண்டு நான் கண்டதில்லை. அங்கே இடித்தவன்தான் முதலில் கத்துவான். அவர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி பாப்பாத்தி கைக்குத் தண்ணீர் ஊற்றி, சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டார். பிரசவம் பார்த்த பசி. வழித்துத் தின்றேன். பெரியண்ணன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

காரை லாரியில் ஏற்றி, மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து நகல் வாங்கினேன். சின்ன சேதம் என்றால் கோர்ட்டுக்குப் போகாமல் கம்பெனியே பார்த்துக் கொடுப்பதும் உண்டு என்று ஷெட்காரர் சொன்னார். ஆனால், "கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தப் பாக்காம ஒரு போல்ட்டக்கூடத் தொடமாட்டனுங்க" என்று ஒதுக்கி நிறுத்திவிட்டார். சர்வேயர் வரவில்லை. பெரியண்ணனின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதில் இல்லை. போன் போட்டால் புல்லாங்குழல். ஒருநாள் ஷெட்டுக்குப் போனால் என் கார் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மாட்டு டாக்டர் என்பதால் அதைக் கிளப்பிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

ஊசி நாள் வந்தபோது பெரியண்ணன் தானாகவே பிக்கப்போடு வாசலில் நின்றார். முன்சீட்டில் கம்பளியை மடித்துப் போட்டிருந்தார். வளைவுக்கு வளைவு மாட்டுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போனார். அம்மா வாந்தியே எடுக்கவில்லை. திரும்பும்போது தன் வீட்டில் நிறுத்திச் சாப்பிட வைத்துக் கொண்டுவந்து விட்டார். ஒவ்வொரு மாதமும் அப்படியே நடந்தது. இடித்த குற்ற உணர்ச்சியில் செய்கிறார் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். ஆனால் பிக்கப் அவர் பிழைப்பு. ஒரு மாதம் கிழங்கு மில்லில் லோடோடு மாட்டிக்கொண்டார், ஊசி தள்ளிப்போயிற்று. அந்த வாரம் அம்மா சுவரைத் தடவித் தடவி நடந்தாள். உப்பு என்று நினைத்துச் சோப்புத்தூளைக் குழம்பில் போட வந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. கார் வேண்டும், கார் வந்தே ஆக வேண்டும் என்று மறுநாள் பாறையில் ஏறி, யாராவது பேசும்வரை இறங்குவதில்லை என்று நின்றேன்.

பேசினார்கள்! ஒரு பெண்குரல். "மேடம், உங்க கிளெய்ம் குளோஸ் ஆயிடுச்சே. பாலிசிதாரர்கிட்ட அப்பவே போன்ல கேட்டோம். ரெண்டு பேருக்குள்ள செட்டில் ஆயிடுச்சுன்னு அவரே சொல்லிட்டாரு." இதைச் சொல்ல இத்தனை மாதம் புல்லாங்குழலா என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. செட்டில்! எதை வாங்கிக்கொண்டு நான் செட்டில் செய்தேன்? தப்பு என்மேல்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு வேலையா? பஸ்ஸில் ஏறி, அவர் ஊரில் இறங்கி, விறுவிறுவென்று போய் அவர் வாசலில் நின்றேன்.

"அண்ணாச்சி, கம்பெனிக்காரங்ககிட்ட என்ன சொன்னிய?"

கிழங்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்தார். "முடிஞ்சுதான்னு கேட்டாங்க. முடிஞ்சுதுன்னு சொன்னனுங்க."

"என்ன முடிஞ்சு? காரு ஷெட்டுல கெடக்கு!"

அவருக்கு என் கோபமே புரியவில்லை. "எங்கூட்டுல கை நனைச்சீங்களே சாமி. பகை இருந்தா கை நனைப்பீங்களா? அன்னிக்கே தீந்து போச்சுன்னு நானும் இவளும் நிம்மதியாத் தூங்குனமுங்க."

"சோறு வேற, காரு வேற அண்ணாச்சி."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப மனசுல வெச்சுக்கிட்டேதான் தின்னீங்களா?"

அந்தக் கேள்வியில் நான் உடைந்துபோனேன். என் அப்பாவும் பெரியப்பாவும் தென்னந்தோப்பு வரப்புக்காகக் காலமெல்லாம் கோர்ட்டில் நின்றார்கள். ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் தட்டில் வைத்து அந்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்தும் வரும். கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மறுநாள் வக்கீலைப் பார்க்கப் போவார்கள். நாங்கள் அதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்வோம். வயிற்றுக்குள் சோறும் வழக்கும் ஒன்றாக இருக்க முடியும் என்பதே இந்த மனிதருக்கு அருவருப்பாக இருக்கிறது. அம்மாவை அவர் அழைத்துப்போனது குற்ற உணர்ச்சியில் இல்லை. பகை தீர்ந்து உறவாகிவிட்ட வீட்டு மனுஷி என்பதால்தான் அழைத்துப்போயிருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, காரும் வேண்டியிருந்தது.

கம்பெனி கொடுப்பது அவர் கையிலிருந்து போகாது, இதற்காகத்தான் வருஷா வருஷம் கட்டுகிறார் என்று மெதுவாக விளக்கினேன். அம்மா சுவரைத் தடவி நடந்ததையும் சொன்னேன். பாப்பாத்தி வாயைப் பொத்திக்கொண்டார். பெரியண்ணன் கையிலிருந்த குச்சிக்கட்டைக் கீழே வைத்தார். "சரிங்க. தீரலைன்னே சொல்றனுங்க. ஆனா பொய் சொல்லமாட்டனுங்க. தீரலைன்னு சொன்னா, தீராதபடியே இருக்கோணும். அவுங்க வந்து பாத்துத் தீத்து வெக்கற வரைக்கும் எங்கூட்டுல நீங்களும் உங்கூட்டுல நானும் கை நனைக்கப்படாது."

"அம்மா?"

"அவுங்க என்னங்க பண்ணுனாங்க? அவுங்களா கார் ஓட்டுனாங்க?" என்றார், என்னமோ நான்தான் விவரமில்லாதவள் என்பது போல. இனி ஊசி நாளில் எந்த லோடும் ஏற்றுவதில்லை என்றும் சொன்னார்.

அவரே என்னோடு பாறையில் ஏறி, தீரவில்லை என்று போனில் சொன்னார். கிளெய்ம் மறுபடியும் திறந்தது. "சர்வேயர் வருவார்" என்றார்கள். இன்னும் வரவில்லை. இப்போது என்னைவிட அவருக்குத்தான் அவசரம். அவர் போனிலும் புல்லாங்குழல் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஊசிக்கு நாமக்கல் போயிருந்தபோது ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டு, அம்மாவைக் கொஞ்ச நாள் அனுப்பிவை என்றாள். அம்மா போனைப் பிடுங்கி, "இப்ப வர முடியாது மக்ளே, இங்கெ ஒரு வழக்கு நடக்கு" என்றாள். மாற்றல் மனுவைப் பற்றி அவள் கேட்டே நாளாயிற்று.

போன வாரமும் ஊசி போட்டுக்கொண்டு திரும்பினோம். பிக்கப் வழக்கம்போல அவர் வாசலில் நின்றது. அம்மா ஒரு கண்ணில் கட்டோடு, பாப்பாத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன். நாட்டுக்கோழிக் குழம்பின் வாசம் தெருவரைக்கும் வந்தது. பெரியண்ணன் என்னைப் பட்டினி போட்டுவிட்டுத் தான் சாப்பிட மனமில்லாமல் என்கூடவே நின்றார். உள்ளேயிருந்து பாப்பாத்தி, "ஏனுங்க, உங்க கம்பெனிய வெரசா வரச் சொல்லுங்க, பெத்த புள்ள வெளிய நிக்க அம்மாவுக்குச் சோறு எறங்குமா?" என்று சத்தம் போட்டார். அம்மாவுக்கு அப்படியொன்றும் இறங்காமல் இல்லை. "கறி நல்லாருக்கு மக்ளே" என்றாள், எச்சில் கையை ஆட்டிக்கொண்டு.

கதவு வழியாகப் பார்த்தேன். அம்மா பக்கத்தில் கழுவிய தட்டு ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. "அது யாருக்கு?" என்று கேட்டேன். "உங்களுக்குத்தானுங்க. எல்லாம் தீந்தன்னிக்கு நிமுத்திப் போடலாம்னு அவ வெச்சிருக்கா" என்றார் பெரியண்ணன். அதிசயமாக அவர் வாசலில் ஒரு கோடு சிக்னல் நின்றது, அவர் பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். புல்லாங்குழல் கேட்டது. "எடுத்தாங்களா?" என்றார். "இன்னும் இல்ல அண்ணாச்சி" என்றேன். இரண்டு பேரும் பசியோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.